நின்ற இடத்தில் சுழலும் சக்கரம்

ஆசிரியப் பணியில் முப்பத்திரண்டு ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். அவ்வாண்டுகளில் நான் திருத்திய கட்டுரை ஏடுகளுக்குக் கணக்கில்லை. சிவப்பு மை தீரத் தீர நிரப்பிக்கொண்டு, ஒற்றுப் பிழையையும் ஒருமை பன்மை மயக்கத்தையும் தேடித் தேடிக் கோடிட்டேன். அக்கோடுகளுள் பெரும்பாலானவை நேரியவை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால், ஒரே ஒரு கோடு மட்டும் நெடுங்காலமாக என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனைப் பற்றி என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும், எங்களிடம் பயிலும் மாணவச் செல்வங்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1984ஆம் ஆண்டு. கெடா மாநிலத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்திவந்தேன். மற்ற மாணவர்கள் வீடு திரும்பிய பிறகு நடக்கும் வகுப்பு அது. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தங்கள் பேருந்தைத் தவறவிடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையுடன் அமர்ந்திருப்பார்கள். மூன்றாம் படிவ மாணவர்களுக்கு எஸ்.ஆர்.பி. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ‘என் எதிர்கால விருப்பம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்று வழக்கமான விருப்பங்களே வந்து குவிந்தன. அவற்றினிடையே ஒரு மாணவன், கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்துவதே தன் விருப்பம் என்று எழுதியிருந்தான். பட்டணத்துப் பட்டறை ஒன்றில் டாட்சன் 240இசட் என்னும் பந்தயக் காரைக் கண்டதாகவும், அதில் ஆறு உருளைகள் இருந்ததாகவும் எழுதிவிட்டு, ஒரு வினாவோடு பத்தியை முடித்திருந்தான். “எட்டு உருளைக் கார்கள் நின்ற இடத்திலேயே பின்சக்கரத்தைச் சுழற்றிப் புகை எழுப்புமாம். ஆறு உருளைக் கார் அப்படிச் செய்யுமா, செய்யாதா?”

நான் அவ்வரிகளின் கீழ்ச் சிவப்புக் கோடிட்டேன். ‘பொருளற்ற வினா. தலைப்பை ஒட்டி எழுதுக’ என்று ஓரத்தில் குறித்தேன். அடுத்த ஏட்டை எடுத்தேன். அவ்வளவுதான்.

அவ்வாண்டு இறுதித் தேர்வில் அவன் தேறவில்லை. தேறாதவர்களுக்கு நான்காம் படிவத்தின் கதவு திறக்காத காலம் அது. எத்தனையோ தோட்டப் பிள்ளைகளைப் போல அவனும் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வெளியேறினான். பட்டறை ஒன்றில் கையாளாகச் சேர்ந்துவிட்டதாகப் பிறர் சொல்லக் கேட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலையில் என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. “வணக்கம் ஐயா, என்னை நினைவிருக்கிறதா?” என்று கேட்ட குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் சிவப்புக் கோடுதான் முதலில் நினைவுக்கு வந்தது. இப்பொழுது அவர் சொந்தப் பட்டறைக்கு உரிமையாளர். தமிழ்ப்பள்ளியில் பயிலும் பேத்தி, அறிவியல் பாடத்திற்காக உராய்வு விசையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். தாத்தாவின் காரையே எடுத்துக்காட்டாகக் கொள்ள அவள் முடிவு செய்துவிட்டாள். “செய்முறை எனக்குத் தெரியும் ஐயா. ஆனால், தமிழில் சொல்லத் தெரியவில்லை. சொற்களை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்” என்றார். மறுநாளே புறப்பட்டுப் போனேன்.

பட்டறையின் பின்கட்டில், துணி போர்த்திய நிலையில் அந்தக் கார் நின்றது. 1971ஆம் ஆண்டின் டாட்சன் 240இசட். சிறுவயதில் கண்ட அதே வகைக் காரைத் துருப்பிடித்த கூடாக வாங்கி, ஒன்பது ஆண்டுகள் உழைத்து உயிர்கொடுத்திருந்தார். ஜப்பானில் 1969ஆம் ஆண்டின் இறுதியில் பேர்லேடி இசட் என்ற பெயரில் வெளிவந்த வண்டியின் உடன்பிறப்பு இது. நீண்ட மூக்கு, குறுகிய பின்புறம், ஒரே வரிசையில் நிற்கும் ஆறு உருளைகள். கிழக்கு ஆப்பிரிக்கச் சஃபாரிப் பந்தயத்தில் 1971இலும் 1973இலும் இவ்வகைக் கார் முதலிடம் பெற்றது. 1973இல் அதனை ஓட்டி வென்றவர் சேகர் மேத்தா என்னும் இந்திய வமிசாவளியினர். இச்செய்திகளையெல்லாம் அவர் பாடம் ஒப்பிப்பவர்போல் சொன்னபோது, ஏட்டில் எழுதிய அந்தப் பதினைந்து வயதுச் சிறுவனின் கண்கள் அப்படியே இருப்பதைக் கண்டேன்.

முதலில் பெயர் வைக்கும் வேலை நடந்தது. ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். கார் இடம்பெயராமல் நிற்க, எந்திரத்தால் இயங்கும் சக்கரங்கள் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு சுழன்று, டயர் கரிந்து புகைவதே அது. ‘நிலைச்சுழற்சி’ என்று நான் ஒரு சொல்லை முன்வைத்தேன். பேத்தி ஏற்கவில்லை. “நிலையாக இருப்பது கார்தானே ஐயா? சக்கரம் சுழல்கிறதே. நின்றுகொண்டே சுழல்வதால் ‘நின்றுசுழல்’ என்றால் என்ன?” என்றாள். முப்பத்திரண்டாண்டுத் தமிழாசிரியன் தோற்றுப்போனேன். ‘நின்றுசுழல்’ என்றே எழுதிக்கொண்டோம்.

அடுத்து வினாவுக்கு வந்தோம். ஆறு உருளைக் காரால் நின்றுசுழல் செய்ய முடியுமா?

வண்டி எண்களைக் குறித்துவைக்கும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அவர் எழுதத் தொடங்கினார். நான் அவர் சொல்வதைத் தமிழாக்கிக்கொண்டே வந்தேன். சாரத்தை இங்கே தருகிறேன்.

சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டிருப்பது உராய்வினால். அப்பிடிக்கு ஓர் எல்லை உண்டு. சக்கரத்தின்மீது அழுத்தும் எடையை, டயருக்கும் தரைக்கும் உரிய உராய்வு எண்ணால் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். எந்திரம் சக்கரத்தின் விளிம்பில் தரும் தள்ளுவிசை அவ்வெல்லைக்குள் இருக்கும்வரை சக்கரம் உருளும், கார் ஓடும். எல்லையைத் தாண்டினால் பிடி விட்டுப்போகும். சக்கரம் வழுக்கிச் சுழலும். ஆகவே, இரு எண்களை ஒப்பிட்டாலே விடை தெரிந்துவிடும்.

முதல் எண் தரையின் பிடி. இக்காரின் எடை 1,044 கிலோகிராம். ஓட்டுநரையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,110. எந்திரம் முன்னே இருந்தாலும் எடை இரு அச்சுகளின்மீதும் ஏறத்தாழச் சமமாகவே பகிரப்பட்டிருக்கிறது; எனவே பின்சக்கரங்களின்மேல் 555 கிலோகிராம். உலர்ந்த சாலையில் சாதாரண டயரின் உராய்வு எண்ணை 0.85 என்று கொள்ளலாம். பெருக்கினால் ஏறத்தாழ 470 கிலோகிராம் விசை. இதுவே பின்சக்கரங்களின் பிடி.

இரண்டாம் எண் எந்திரத்தின் தள்ளுவிசை. 2.4 லிட்டர் கொள்ளளவுள்ள இவ்வெந்திரம் தரும் முறுக்குவிசை அதிக அளவாக ஏறத்தாழ 20 கிலோகிராம்-மீட்டர். முதல் கியரும் பின்னச்சின் பல்லிணையும் சேர்ந்து அதனை ஏறத்தாழ 12 மடங்காக்குகின்றன. 240 கிடைக்கிறது. வழியில் ஏற்படும் இழப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 190 எஞ்சும். சக்கரத்தின் ஆரம் 0.31 மீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 610 கிலோகிராம் விசை.

610 பெரிது, 470 சிறிது. ஆகவே சக்கரம் சுழலும்.

“இதோடு முடியவில்லை ஐயா” என்று அவர் தொடர்ந்தார். கார் முன்னோக்கிப் பாயத் தொடங்கிவிட்டால், அதன் எடையில் ஒரு பகுதி பின்புறம் சாயும். பேருந்து புறப்படும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்வதை நாம் அறிவோம் அல்லவா? அதே போன்றதுதான் இதுவும். அப்போது பின்சக்கரத்தின் பிடி 470இலிருந்து 570 வரை ஏறிவிடும். 610க்கும் 570க்கும் இடைவெளி மிகக் குறைவு. கிளச்சைச் சட்டென்று விட்டால் சக்கரம் ஒரு நொடி கீச்சிட்டுவிட்டு, உடனே தரையைப் பற்றிக்கொள்ளும். புகை வராது. புகை வரும்வரை சுழல வேண்டுமானால் காரை நகரவிடாமல் முன்சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். கால் பிரேக் நான்கு சக்கரங்களையும் பிடிக்கும். கைப்பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கும். இரண்டும் பயன்படா. முன்பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தை மட்டும் தேக்கி நிறுத்தும் ஓர் அடைப்பானை அதற்கெனப் பொருத்துகிறார்கள். 2015ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் வரிசையில், எட்டு உருளை கொண்ட ஜிடி வகைக்குத் தொழிற்சாலையிலேயே இவ்வசதியை மின்னணு முறையில் அமைத்துக் கொடுத்தார்கள்.

அப்படியானால் உருளைகளின் எண்ணிக்கைக்கு இதில் என்ன பங்கு? இங்கேதான் நான் பெரிதும் வியந்தேன். நேரடியான பங்கு ஏதும் இல்லை. ஒரே வரிசையில் அமைந்த ஆறு உருளைகளின் சிறப்பு அவற்றின் அமைதி. சுழல்தண்டு 120 பாகை திரும்புவதற்கு ஓர் உருளை வீதம் எரிவதாலும், மேலும் கீழுமாக ஓடும் உந்துகளின் அதிர்வுகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதாலும், எந்திரம் நடுக்கமின்றி ஓடும். சக்கரத்தைச் சுழற்றுவது முறுக்குவிசையும், கியர் விகிதமும், இயங்கும் சக்கரத்தின்மேல் உள்ள எடையும், டயரின் பிடியும்தாம்.

இதற்குச் சான்றாக அவர் மூன்று கார்களைச் சொன்னார். 1964இல் உற்பத்திக்கு வந்த போர்ஷே 911 காருக்கும் ஆறு உருளைகளே. ஆனால், எந்திரம் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால், எடையின் பெரும்பகுதி இயங்கும் சக்கரங்களின்மேல் அமர்ந்து அவற்றை அழுத்திப் பிடிக்கிறது. அதனைச் சுழலவைப்பது கடினம். 1989இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்கும் ஆறு உருளைகளே, ஆற்றலோ மிகுதி. ஆயினும், தேவைப்படும்போது நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்புடையது அது. நான்கும் சேர்ந்து தரையைப் பற்றும். மறுபுறம், 1983இல் வந்த டொயோட்டா கொரோலா ஏஇ86 காருக்கு நான்கே உருளைகள், 1.6 லிட்டர் எந்திரம். எடை குறைவு, இயங்குவது பின்சக்கரம். அது வழுக்கிச் சுழல்வதற்கே பெயர்பெற்றது. ஆறால் முடியாததை நான்கு செய்கிறது. எண்ணிக்கையைக் கேட்டு ஏமாறக் கூடாது என்று நான் சொன்னேன். “ஆமாம் ஐயா, எந்தக் காருக்கும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்” என்றார் அவர்.

கணக்கு! அச்சொல்லைக் கேட்டதும் நான் அமைதியானேன். “தம்பி, அன்று எஸ்.ஆர்.பி. தேர்வில் எந்தப் பாடத்தில் தவறினீர்கள்?” என்று கேட்டேன். “கணிதமும் ஆங்கிலமும் ஐயா” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வினாவுக்குள் விகிதமும் பெருக்கலும் வகுத்தலும் பதின்மமும் அடங்கியிருந்தன. அவன் தானே விரும்பிக் கேட்ட கணக்கு அது. கணித ஆசிரியர் அடுத்த அறையில்தான் இருந்தார். அவனை அழைத்துக்கொண்டு பத்தடி நடந்திருந்தால் போதும். நடந்திருந்தால் தேர்வில் தேறியிருப்பான் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. நடக்கவில்லை என்பதற்கு நானே சான்று.

என் வருத்தத்தை அவரிடம் சொன்னேன். “அந்தச் சிவப்புக் கோடு நினைவிருக்கிறது ஐயா. அதற்காக நான் பள்ளியை விடவில்லை. ஆனால், அதற்குப் பிறகு கட்டுரையில் எனக்குத் தெரியாததை எழுதவே இல்லை. தெரிந்ததை மட்டும் எழுதினேன்” என்றார். குறை கூறும் குரலில் அவர் அதனைச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொற்கள் என்னை இன்னும் ஆழமாகத் தைத்தன.

பேத்தி செயல்முறையைக் காண விரும்பினாள். பட்டறையின் பின்புறத்தில் மதில் சூழ்ந்த சிமெந்துக் களம் இருந்தது. வாயிற்கதவைப் பூட்டினார். தீயணைப்பானைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்தார். காரின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது என்று எங்களைப் பக்கத்துத் திண்ணையில் ஏற்றிவிட்டார். பின்சக்கரங்களில் மாட்டியிருந்தவை தேய்ந்து கழிக்கப்பட்ட டயர்கள். சக்கரத்தின் கீழே சிறிது நீர் ஊற்றினார். ஈரத்தில் பிடி குறையும். அதனால் சுழற்சி எளிதாகத் தொடங்கும்.

எந்திரத்தின் ஓசை உயர்ந்தது. கிளச் விடுபட்டதும் சக்கரம் சுழன்றது. முதல் ஓரிரு நொடிகளில் நீராவிதான். பிறகு வெண்புகை திரண்டு எழுந்தது. டயரின் மேற்பரப்பு சூடேறி, அதிலுள்ள எண்ணெய்களும் ரப்பரும் ஆவியாகி, காற்றில் குளிர்ந்து புகையாகத் தெரிகின்றன. ஆறு நொடிகளில் நிறுத்திவிட்டார். சிமெந்தில் இரண்டு கருங்கோடுகள். வலமும் இடமும் வெவ்வேறு வேகத்தில் திரும்ப இடந்தரும் சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால் ஒரே கோடுதான் விழுந்திருக்குமாம். பிடி குறைந்த ஒற்றைச் சக்கரம் மட்டுமே வழுக்கிச் சுழலும். இரு சக்கரங்களையும் இணைத்துச் சுழற்றும் வகையை இவர் பொருத்தியிருந்தார்.

காட்சியைவிட அந்த மணந்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. நானும் தோட்டத்தில் பிறந்தவன். என் தந்தையார் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, ஏறத்தாழ நானூறு மரங்கள் கொண்ட தம் நிரைக்குப் போவார். மங்கு துடைத்து, கோட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டு, பட்டை வெட்டுவார். வெயில் ஏறியதும் வாளிகளில் பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பார். உறைந்த பால், தகடாக உருட்டப்பட்டுப் புகைவீட்டில் நாட்கணக்கில் தொங்கும். பூசணம் பிடிக்காமல் ரப்பரைக் காத்தது அந்தப் புகை. இன்று நான் கண்ட புகை, ரப்பரையே அழித்த புகை.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளிலிருந்து பெருகிய மரங்கள் அவை. 1839இல் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி ரப்பரை உறுதியாக்கும் வழியை சார்லஸ் குட்இயர் கண்டிராவிட்டால், இந்த டயரே இருந்திராது. பேத்தியிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். பயணிகள் காரின் டயர் ஒன்றின் எடை ஏறத்தாழ 9 கிலோகிராம். அதில் இயற்கை ரப்பர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மற்றவை செயற்கை ரப்பர், கரித்தூள், எஃகுக் கம்பி முதலியன. மரத்துப் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால் ஒரு டயருக்கு எவ்வளவு பால்? அவள் விரல்விட்டு எண்ணி, “ஐந்து லிட்டருக்கு மேல் ஐயா” என்றாள்.

தாத்தா தலைகுனிந்தார். “என் தாயாரும் பால் வெட்டியவர்தாம். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது அவர் பார்த்துவிட்டார். அப்போது புதிய டயர். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து கழித்துப்போட்ட டயரைத் தவிர வேறொன்றிலும் செய்வதில்லை” என்றார்.

புதிய டயரின் வரிப்பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அதனைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடந்தராது. ஆண்டுக்கணக்கில் நம் உயிரைத் தாங்கவேண்டிய அந்த ஆறரை மில்லிமீட்டரைச் சில நிமிடங்களில் கரைத்துவிடலாம். நேரோட்டப் பந்தயக்காரர்கள் இதனைச் செய்வதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய சிறப்பு டயர்கள் சூடேறினால் பிடி கூடும். சாலை டயருக்கு அந்தப் பயன் இல்லை. கிளச்சுக்கும் பல்லிணைகளுக்கும் கேடு. டயர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. பொதுச்சாலையில் இதைச் செய்வது அபாயகரமாக வண்டி ஓட்டிய குற்றமாகும். இவற்றையெல்லாம் பேத்தி தன் உரையின் இறுதியில் சேர்த்துக்கொண்டாள். நான் திணிக்கவில்லை, அவளே கேட்டாள்.

அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே! தலைப்பை விட்டு விலகிய வரிகளுக்கு மதிப்பெண் குறைப்பது நம் கடமை. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், மதிப்பெண்ணைக் குறைத்த பிறகும் அந்த வினா அங்கேயே இருக்கிறது. நமக்கு விடை தெரியாவிட்டாலும், தெரிந்தவர் அறை வரையில் அம்மாணவனோடு நடந்து செல்லலாம். ‘பொருளற்ற வினா’ என்று நான் எழுதியதன் உண்மைப் பொருள், ‘எனக்கு விடை தெரியாத வினா’ என்பதே.

விடைபெறும்போது அவரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். 1984இல் எழுதியிருக்க வேண்டிய குறிப்பை அன்று எழுதிக் கொடுத்தேன். ‘செய்யும். பின்சக்கரத்தின் பிடி 470. எந்திரத்தின் தள்ளுவிசை 610. நல்ல வினா.’ அதனைப் படித்துவிட்டு அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேத்தி மட்டும் எட்டிப் பார்த்து, “ஐயா, அலகு எழுதவில்லையே” என்றாள். தாளைத் திரும்ப வாங்கி, இரு எண்களுக்கும் பக்கத்தில் ‘கிலோகிராம் விசை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.